நாலாவது ஆள்

மணி பன்னிரண்டரை. ராத்திரி இல்லை, பட்டப்பகல். மாசி மாதத்து வெயில். தொண்டியைத் தாண்டித் தெற்கே தேவிபட்டினம் போகிற கடற்கரைச் சாலை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. இடது கைப்பக்கம் கருவேலம் புதருக்கு அப்பால் கடல். அந்தக் கடலில் அலை கிடையாது, சும்மா கிடக்கும். அந்தச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

என்ன கிருத்திகா, சிரிப்பு? பேய் பகலில் வராது என்று உனக்கு யார் சொன்னது? உச்சிப்பொழுதில் தனியாக நிற்காதே என்று எதற்குச் சொல்லி வைத்தார்கள்? நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிற நேரம் அது. யாருக்கு நிழல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

உரிக்கிற கை நிற்கக் கூடாது, சொல்லிவிட்டேன். விடிந்தால் முகூர்த்தம். இன்னும் ஒன்றரை மூட்டை சின்ன வெங்காயம் கிடக்கிறது. கரண்டு வருகிறபோது வரட்டும், இந்த ஒரு விளக்குப் போதும். முப்பது வருஷமாகக் கல்யாண வீட்டில் கரண்டி பிடிக்கிறேன், இருட்டில் உரித்த வெங்காயத்தால் எந்தச் சாம்பாரும் கெட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இந்தக் கொத்தமங்கலத்து வீட்டுப் பின்கட்டில் சத்தம் போட்டால் எதிரொலி வேறு வரும், நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

இது நான் கட்டிய கதை இல்லை. எனக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிற முத்துராமலிங்கம் இருக்கிறானே, என் கூட்டாளி, அவனுடைய அக்காள் மகனுக்கு நடந்தது. பெயர் முத்தரசு. காரைக்குடியில் பெயின்ட் கடை. நீங்கள் போனால் பார்க்கலாம். அலமாரிப் பக்கம் திரும்பி நின்று டப்பா எடுக்கும்போது, பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். சுற்றி முன்னால் வந்து நின்றால்தான் பேசுவான். தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரில் பேச்சு. தலைக்கனமா வேறு எதுவுமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முத்தரசுவின் பெண்டாட்டி கீர்த்தி, பள்ளத்தூர்ப் பெண். அவளுக்கு ஒரே தம்பி, செம்மலை. குவைத்தில் வேலை. மூன்று வருஷம் கழித்து லீவில் வந்திருந்தான். இடையில் அப்பா இறந்தபோதுகூட அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைத்தான். அந்தத் துக்கம் அவன் மனசில் இருந்தது. ஆனால் வெளியே எல்லாம் விளையாட்டு, கேலி, சிரிப்பு. "மணலப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு மச்சான். தண்ணியப் பாக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றான். அவனுக்கு நீச்சல் தெரியாது. சரி, கார் இருக்கிறது, ஒரு நாள் கடையை அடைத்தால் போகிறது என்று முத்தரசு ஏற்பாடு செய்தான். தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம், பாம்பன், கடைசியில் தனுஷ்கோடி. கடற்கரையோடேயே போவது, பிடித்த இடத்தில் நிறுத்துவது, ராத்திரிக்குள் திரும்பிவிடுவது.

காலையில் பள்ளத்தூரிலிருந்து புறப்படும்போது மாமியார்க்காரி நாகவல்லி வாசலில் மறித்துக்கொண்டாள்.

"மூணு பேராப் போறீகளே மாப்பிள்ளை. ஆகாதே."

உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்பட மாட்டோம். ஆள் இல்லை என்றால் ஒரு கல்லை எடுத்து உடன் வைத்துக்கொண்டு நாலாவது ஆள் என்போம். நாகவல்லி கிணற்றடியிலிருந்து ஓர் உருண்டைக் கல்லை எடுத்தாள். கழுவி, ஒரு சொட்டுக் குங்குமம் வைத்து, காரின் பின்சீட்டில் முத்தரசுவுக்குப் பின்னால் உட்கார்த்தினாள். "நாலாவது ஆளு நீதாம்ப்பா. இவுகளோட போயி, இவுகளோடயே வந்துரு" என்றாள்.

பிறகு முத்தரசுவின் கையைப் பிடித்தாள். மருமகன் கையை அவள் அதற்கு முன் தொட்டதே இல்லையாம். "எனக்குன்னு இருக்கது இவன் ஒருத்தந்தான். போன மாதிரியே கூட்டியாந்து என் கையில குடுத்துருங்க."

"நான் இருக்கேன்ல அத்தை" என்றான் முத்தரசு.

இந்த ஒரு வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டியில் இறங்கினார்கள். இட்லி தின்றுவிட்டுக் கடற்கரையில் நடந்தார்கள். செம்மலை காருக்குப் போய் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நாலாவது ஆளும் ஒரு முங்கு முங்கட்டும்" என்று சொல்லி, வீசிவிட்டான் கடலில். கீர்த்தி தலையில் கை வைத்தாள்.

"அம்மா கேட்டா என்னடா சொல்லுவ?"

"வேற கல்லு எடுத்து வச்சா போச்சு. கல்லுல என்னக்கா அந்தக் கல்லு, இந்தக் கல்லு."

முத்தரசுவுக்குச் சுருக்கென்றது. மூன்று பேராகத் திரும்பக் கூடாது என்று ஓர் உறுத்தல். அதைவிட, மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை. வழி நெடுகக் கண்ணால் கல் தேடிக்கொண்டே ஓட்டினான். காரங்காட்டில் படகு ஏறி அலையாத்திக் காட்டுக்குள் போய்விட்டு வந்தார்கள். செம்மலைக்கு ஒரே சந்தோஷம், படகில் எழுந்து நின்று வீடியோ எடுத்தான். அங்கேயும் சேறுதான், கல் இல்லை. அந்தக் கரைப் பக்கம் முழுக்கச் சேறும் மணலும் சிப்பியும்தான். சாலையோரத்து ஜல்லியைக் கொண்டுபோய்க் காட்டினால் நாகவல்லி நம்புவாளா?

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மணி பன்னிரண்டரை. தேவிபட்டினத்துக்கு ஒன்றிரண்டு மைல் முன்னால், புதருக்கு நடுவில் கடலுக்கு ஒரு மண்பாதை பிரிந்தது. "இங்குட்டு நிப்பாட்டுங்க மச்சான், நல்லாருக்கு" என்றான் செம்மலை. நிறுத்தினார்கள். ஓர் ஆள் இல்லை, ஒரு படகு இல்லை, காக்காய்கூட இல்லை. தண்ணீர் விளிம்பில் ஒரே ஒரு கல் கிடந்தது.

கறுப்பாக, உருண்டையாக, கைக்கு அடக்கமாக. கிணற்றடிக் கல்லின் கூடப்பிறந்தது மாதிரியே இருந்தது. மூன்று சுற்று நூல் ஒட்டியிருந்தது அதில். வலை நூலாக இருக்கும் என்றான் முத்தரசு. உள்ளுக்குள் ஒன்று இடித்தது என்று பிறகு மாமன் முத்துராமலிங்கத்திடம் மட்டும் சொன்னான். கல்லே இல்லாத கரைக்கு இது மட்டும் எங்கிருந்து வந்தது? கேட்டானா? கேட்கவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டால் மனுஷன் கேள்வி கேட்பானா?

செம்மலை கல்லை இரண்டு கையாலும் ஏந்தி, அம்மா மாதிரியே குரலை மாற்றி, "நாலாவது ஆளே, வாங்க. எங்க கூடவே வந்துருங்க. எங்க வீட்டுக்கே கூட்டிப் போறோம்" என்றான். பின்சீட்டில் வைத்தான். காரை எடுத்தார்கள்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. மூன்று பேரும் போட்டிருந்தார்கள். திரையில் பார்த்தால், முத்தரசுவுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று சிவப்பாகக் காட்டியது. கல் அரைக்கிலோகூட இராது. "புது வண்டிய ஏமாத்தி வித்துட்டாய்ங்க மச்சான்" என்று சிரித்துக்கொண்டே செம்மலை அந்த வெறும் சீட்டுக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு வாசனை. ஈரத் துணி வாசனை... அதோடு ஊறின எள் வாசனை. கீர்த்தி கண்ணாடியை இறக்கினாள், வாசனை போகவில்லை. முத்தரசுவின் பிடரியில் மட்டும் குளிர்ந்தது. ஏசியைக் குறைத்தான். பிறகு நிறுத்தியே விட்டான். வெளியே தீயாய்க் கொதிக்கிற வெயில், அவன் பிடரியில் மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது.

ராமநாதபுரத்தில் சாப்பாடு. உச்சிப்புளியில் டீக்கு நிறுத்தினார்கள். மூன்று பேரும் காரை விட்டு இறங்கி, கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரம்மாள் நாலு கிளாஸில் டீ ஆற்றி வைத்தாள். "மூணுதான்" என்றான் முத்தரசு. அவள் காரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"உள்ள இருக்க அய்யா குடிக்க மாட்டாகளா? ஈர வேட்டியோட உக்காந்திருக்காக, பாவம்."

முத்தரசு திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் யாரும் இல்லை. கல் மட்டும் இருந்தது. கையில் இருந்த டீயை அவன் குடிக்கவில்லை, அப்படியே வைத்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவும் இல்லை. அதுதான் அவன் குணம். பயத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பான்.

பாம்பன் பாலத்தில் காற்று ஆளைத் தூக்கியது. கீழே படகுகள், நீலமும் பச்சையுமாகத் தண்ணீர். எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். கீர்த்தி தண்ணீர் பாட்டில் எடுக்கப் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சீட் தொப்பலாக நனைந்திருந்தது. கல்லைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. விரலால் ஒற்றி எடுத்துப் பார்த்தாள். எள்.

"என்னங்க... இது வல நூலு இல்ல" என்றாள். நூலைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பாவுக்கு ஊண்டுன கல்லுல சுத்துனமே, அந்த நூலு."

செம்மலைக்கு விளங்கவில்லை. அவன்தான் அப்பா காரியத்துக்கு வரவில்லையே. கீர்த்தி சொன்னாள். செத்தவருக்காக ஒரு கல்லை ஊன்றுவோம். அதற்கு நூல் சுற்றி, குளிப்பாட்டி, எள்ளும் தண்ணீரும் விட்டு, சோறு படைத்து, வா, வந்து சாப்பிடு என்று மூன்று தடவை கூப்பிடுவோம். அந்த நாட்களில் அது கல் இல்லை, அவரேதான். கருமாதியன்று கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது.

யாரோ அழுது தீர்த்து அனுப்பி வைத்த ஒருவரை இவர்கள் வா என்று கூப்பிட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அதுவும் வீட்டுக்கே கூட்டிப் போகிறோம் என்று சொல்லி.

தனுஷ்கோடி போகவில்லை. காரைத் திருப்பினார்கள். பாலத்திலிருந்தே அந்தக் கல்லை எறிந்துவிடலாம் என்றான் செம்மலை. கீர்த்தி மறுத்தாள். எடுத்த இடத்தில்தான் விட வேண்டும். செம்மலையின் கேலி எல்லாம் எங்கே போனதோ, கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். பக்கத்துச் சீட்டில் மாட்டின பெல்ட் தளராமல் விறைத்து நின்றது.

அந்த மண்பாதைக்கு வந்து சேரும்போது ஆறரை. சூரியன் இறங்கிவிட்டது, வெளிச்சம் மட்டும் கொஞ்சம் மிச்சம். முத்தரசு கல்லைத் தூக்கினான். மத்தியானம் ஒரு கையால் எடுத்த கல்... இப்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"நானும் வாரேன் மச்சான். அந்தக் கல்லத் தூக்கிப் போட்டதும் இவரக் கூப்புட்டதும் நாந்தான்" என்றான் செம்மலை.

"வேண்டாம் மாப்ளே. நீ எறங்கவே கூடாது. உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்." கீர்த்தியிடம், "கண்ண மூடிக்க. கடலப் பாக்காத" என்றான்.

நடந்தான். மணல், பிறகு சேறு, பிறகு தண்ணீர். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை இறுக மூடிக் கொஞ்ச நேரம் வேண்டிக்கொண்டு, கல்லைப் பின்பக்கமாக விட்டான். கல் விழுகிற சத்தம் வரவில்லை. ஓர் ஆள் தண்ணீரில் மெதுவாக உட்காருகிற சத்தம் வந்தது.

கண்ணைத் திறந்து, கரையை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

"மச்சான்."

செம்மலையின் குரல். பின்னாலிருந்து. பத்தடி இருக்கும்.

எதிரே கார் தெரிகிறது. முன்சீட்டில் கீர்த்தி முகத்தைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள். பின்சீட்டில் ஒரு தலை தெரிகிறது. செம்மலை காருக்குள் இருக்கிறான். அப்படியானால் பின்னால் கூப்பிடுவது யார்?

"மச்சான்... நில்லுங்க."

அவன் நிற்கவில்லை. குலதெய்வத்தின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே நடந்தான்.

"காலு மாட்டிக்கிருச்சு மச்சான்..."

அழுகிற குரல் அது. அதைக் கேட்டுத் திரும்பாமல் நடக்க ஒரு நெஞ்சு வேண்டும். அந்தப் பையனைக் காப்பாற்றி அம்மா கையில் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து, காரில் ஏறி, கதவை அறைந்து சாத்தினான். டிங்... டிங்... பெல்ட்டை மாட்டினான், நின்றது. வண்டியைக் கிளப்பினான்.

தொண்டி தாண்டித்தான் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். செம்மலை இருந்தான். இடம் மாறி, கல் இருந்த சீட்டில், அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தான். பெல்ட் போட்டிருந்தான். "என்ன மாப்ளே, அந்த ஈரத்துல உக்காந்திருக்க?" என்றதற்குப் பதில் இல்லை. பயந்திருக்கிறான், பாவம், பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று கீர்த்தி ஜாடை காட்டினாள். பிடரியில் குளிர்ந்தது. சீட்டின் ஈரம்தான் என்று முத்தரசு நினைத்துக்கொண்டான்.

ஒன்பது மணிக்குப் பள்ளத்தூர். நாகவல்லி ஆலம் கரைத்து வைத்துக் காத்திருந்தாள். சுற்றிக் கொட்டிவிட்டு, "கல்லு எங்க மாப்பிள்ளை?" என்றாள்.

"வழியில விட்டுட்டோம் அத்தை."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலில் குளித்திருப்பான் என்று, ஈரமாக இருந்த மகன் தலையைத் துவட்டிக்கொண்டே, "சொன்ன மாதிரியே கூட்டியாந்து குடுத்துட்டீக" என்றாள். சோறு போட்டாள். செம்மலை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பசி இல்லையோ என்று நினைத்தாள். "சாப்புடுப்பா" என்றாள். கை வைக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் கையை எடுத்துச் சோற்றில் வைத்தான்.

படுக்கப் போனபோது கீர்த்தி மெதுவாகச் சொன்னாள். "நீங்க எறங்கிப் போனதும் பின்கதவு தெறந்துச்சுங்க. சாத்துச்சு. கொஞ்ச நேரங் கழிச்சுத் திரும்பத் தெறந்துச்சு, சாத்துச்சு. தம்பிதான் எறங்கிட்டுப் பயந்து ஏறிட்டான்னு நெனச்சேன். நீங்கதான் கண்ணத் தெறக்காதன்னீக."

முத்தரசு எழுந்து உட்கார்ந்தான். வழியெல்லாம் தொடாமல் கிடந்த போனை எடுத்துப் பார்த்தான். ஒரு செய்தி வந்திருந்தது. குரல் செய்தி. செம்மலையின் எண்ணிலிருந்து. நேரம் ஆறு நாற்பத்தொன்று.

கீர்த்தி பாத்ரூம் போயிருந்தாள். காதோடு வைத்துக் கேட்டான்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு செம்மலை. "மச்சான், கூப்புடக் கூப்புட ஏன் திரும்பவே மாட்டேங்கிறீக... உங்க பின்னாடியேதான் வந்தேன். நாந்தான அவர வாங்கன்னு கூப்புட்டேன், நீங்க கண்ண மூடி நின்னப்ப தாண்டிப் போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துரலாம்னு... காலு சேத்துல மாட்டிக்கிருச்சு. கார எடுத்துராதீக."

தூரத்தில் கார்க் கதவு அறைகிற சத்தம். டிங்... டிங்... அது நிற்கிறது. வண்டி கிளம்புகிறது.

"கார்ல பின்னாடி உக்காந்திருக்கது யாரு மச்சான்?"

அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்.

போன் முத்தரசுவின் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த அறை இருட்டாக இருந்தது. அங்கேதான் செம்மலை படுத்திருந்தான். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன், அங்கிருந்து கேட்டான். குரல் செம்மலையின் குரல்தான்.

"யாரு தம்பி, போன்ல?"

செம்மலை ஒரு நாளும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. பத்து வயசு சின்னவன் அவன்.

மறுநாள் விடியுமுன் முத்தரசு தனியாக அந்தக் கரைக்குப் போனான். சேற்றில் கடலுக்குப் போகிற கால்தடம் இரண்டு ஆளுடையது. திரும்பி வருகிற தடம் ஒன்று. உட்கார்ந்து அழுதான். மாமியார் கை பிடித்து ஒப்படைத்த பிள்ளையை, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று மண்ணில் அடித்துக்கொண்டு அழுதான். யாரிடம் போய் என்ன சொல்வான்? ஆளைக் காணோம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

செம்மலையின் லீவு முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. குவைத்துக்குப் போகவில்லை. நாகவல்லிக்கு அதில் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான், முன்னைப் போல வெட்டிப் பேச்சு இல்லை, பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறாள். முத்தரசு அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

ஏன், கை எல்லாம் நின்றுவிட்டதே? உரியுங்கள். கிருத்திகா, பயப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, நாளைக்கு முதல் பந்தி பரிமாறுவது நீதான். நாகவல்லி மகனோடு கல்யாணத்துக்கு வருகிறாள், பெண் வீட்டுக்குச் சொந்தம். அவன் இலைக்கு முன்னால் போனால் மட்டும் கொஞ்சம் நின்று, சாப்பிடுங்கள் என்று மூன்று தடவை சொல்லு. இல்லாவிட்டால் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.